விருந்தாளியா, வீட்டுப்பிள்ளையா? கேமரன் மலையும் மாணவர் பரிமாற்றமும்

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி வருகிறவர்கள் கம்போங் ராஜாவைத் தாண்டியதும் கோலா தெர்லாவைக் கடந்து போகிறார்கள். அங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் குறைவு. அடுத்தடுத்து வரும் திரிங்காப், கீ பார்ம், பிரிஞ்சாங் ஆகியவைதான் சுற்றுலாப் பயணிகளின் பட்டியலில் இருக்கும் ஊர்கள். கோலா தெர்லாவில் கண்ணில் படுவது மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழும்பும் நெகிழிக்கூரைக் காய்கறித் தோட்டங்கள். மலாய்மொழியில் 'கோலா' என்றால் ஆறு வந்து கலக்கும் இடம். தெர்லா ஆறு கலக்கும் இடம் என்பதுதான் ஊரின் பெயர். இந்தச் சிற்றூரிலும் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு.

ஆறுகள் கலப்பதுபோல் மனிதர்கள் தாமாகக் கலந்துவிடுவதில்லை. ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டுக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்தில் தங்கி, அங்குள்ள பள்ளியில் படித்துத் திரும்பும் ஏற்பாட்டை மாணவர் பரிமாற்றம் என்கிறோம். அதனால் பண்பாடுகளுக்கு இடையே புரிதல் வளரும் என்பது உலகம் முழுவதும் கல்வித்துறையினர் சொல்லும் நியாயம். அந்த நியாயம் எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்று ஆராய்வதற்குக் கேமரன் மலையைப்போல் பொருத்தமான இடம் மலேசியாவில் குறைவு. ஏனென்றால் அயல்நாட்டுப் பிள்ளைகள் இந்த மலையில் ஏறத்தாழ எழுபது ஆண்டு தங்கிப் படித்திருக்கிறார்கள்.

ஒரே மலை, இரண்டு பள்ளி உலகங்கள்

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதி வைத்தார். நாற்பது ஆண்டு கழித்து, பிரிட்டிஷ் நிர்வாகி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல்லின் முயற்சியில் இதை மலைவாசத்தலமாக்கும் வேலை தொடங்கியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை வெட்டவும் கன்று நடவும் கொழுந்து பறிக்கவும் தமிழர்கள் மலையேறினார்கள். லயங்கள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, பிள்ளைகள் பிறந்தார்கள்.

அதே குளிர், சமவெளியில் வேலை பார்த்த ஐரோப்பியர்களையும் இழுத்தது. வெப்பமண்டலத்தில் வளரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் உடல்நலம் கெடும் என்று அக்காலத்தில் அஞ்சினார்கள். பிள்ளைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்புவதைவிட மலையில் ஒரு விடுதிப்பள்ளி வைப்பது மேல் என்று சிலர் எண்ணினார்கள். சிங்கப்பூரில் 1925இல் டாங்லின் பள்ளியைத் தொடங்கிய ஆன் கிரிபித் ஜோன்ஸ், 1934இல் கேமரன் மலையிலும் ஒரு விடுதிப்பள்ளியைத் திறந்தார். அதே பத்தாண்டில் தானா ராத்தாவில் கத்தோலிக்கச் சகோதரிகளின் கான்வெண்ட் வந்தது. போருக்குப் பின், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில், பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி இயங்கியது. சீனாவின் செஃபூ துறைமுகத்தில், அதாவது இன்றைய யாந்தாயில், 1881இல் கிறித்துவ ஊழியர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய செஃபூ பள்ளியும் சீனாவின் ஆட்சி மாறிய பிறகு இந்த மலைக்கு இடம்பெயர்ந்தது. 2001இல் மூடப்படும்வரை பல நாட்டுப் பிள்ளைகள் அதில் தங்கிப் படித்தார்கள்.

இதே மலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு வகைப் பள்ளி இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் அந்தத் தோட்டம் ஒரு பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. சட்டத்துக்கு அடங்கும் அளவுக்குப் பள்ளி நடந்த தோட்டங்கள் பல. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக ஒரே பெஞ்சில். அங்கிருந்து மேலே படிக்க வழி மிகக் குறுகல்.

ஒரே மூடுபனியில், சில மைல் தூரத்தில், இரண்டு பள்ளி உலகங்கள் இருந்தன. மொழி வேறு, பாடநூல் வேறு, படிப்பு முடிந்தபின் போகும் பாதை வேறு. துரையின் பிள்ளை விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தால் பங்களாவில் தங்கும். லயத்துப் பிள்ளை அதைத் தூரத்திலிருந்து பார்க்கும். அந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள் பகை கருதி நடத்தவில்லை. தங்கள் பிள்ளைகளின் படிப்பு தாய்நாட்டுப் பாடத்திட்டத்தோடு ஒட்டிப் போகவேண்டும் என்பதே அவர்கள் கவலை. ஆனாலும் விளைவு ஒன்றுதான். இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரு பெஞ்சில் உட்காரவும் ஒரு தேர்வுக்குப் படிக்கவும் ஒரே அணியில் ஆடவும் அந்த அமைப்பில் இடமில்லை. அயல்நாட்டுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும், புரிதல் தானே வரும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த எழுபது ஆண்டு வரலாறு ஓர் எச்சரிக்கை.

ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் தொடங்கிய வேலை

இன்றைய மாணவர் பரிமாற்றத்தின் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்ல அமெரிக்க இளைஞர்கள் தன்னார்வமாக ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். அவர்களின் அமைப்பே அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ், சுருக்கமாக ஏஎஃப்எஸ். இரண்டாம் உலகப்போரிலும் அவர்கள் அதே வேலையைச் செய்தார்கள். இரண்டு போர்களின் பிணங்களையும் பார்த்தவர்கள், மூன்றாவது வராமல் இருக்க என்ன செய்வது என்று யோசித்தார்கள். ஸ்டீபன் கலாட்டி தலைமையில் அவர்கள் எடுத்த முடிவு: பள்ளிப் பிள்ளைகளை ஒருவர் நாட்டுக்கு ஒருவர் அனுப்புவது. 1947இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா போனார்கள். முந்தைய ஆண்டுகளில் ஒருவரையொருவர் குண்டுவீசி அழித்த நாடுகளின் பிள்ளைகள் பிறகு அதே திட்டத்தில் சேர்ந்தார்கள்.

இந்தத் திட்டத்தின் உயிர் பள்ளிக்கட்டடத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. பிள்ளையை ஏற்கும் குடும்பத்துக்குக் கூலி கிடையாது. அறை வாடகைக்கு விடும் வேலையாக அது ஆகிவிடக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. வருகிற பிள்ளைக்குத் தனி அறை வேண்டும் என்றுகூட நிபந்தனை இல்லை. தனிப் படுக்கை இருந்தால் போதும், அறையை வீட்டுப் பிள்ளையோடு பகிர்ந்துகொள்ளலாம். குடும்பத்துக்கும் மாணவருக்கும் நடுவே பேசித் தீர்க்க ஒரு தன்னார்வலர் இருப்பார். மலேசியாவில் இந்த அமைப்பின் பெயரிலேயே 'அந்தாராபுடாயா' என்ற சொல் இருக்கிறது. பண்பாடுகளுக்கு இடையே என்பது அதன் பொருள்.

வேறு வழிகளும் திறந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் இளையோரை ஓராண்டு அமெரிக்கப் பள்ளிகளில் படிக்கவைக்கும் கென்னடி – லூகர் திட்டம் 2002இல் உருவானது. மலேசியாவும் அதில் சேர்ந்தது. 2007இல் ஜப்பானிய அரசு ஜெனிசிஸ் என்ற பெயரில் கிழக்காசிய இளையோரைக் குறுகிய காலத்துக்கு வரவழைக்கவும் தன் பிள்ளைகளை அனுப்பவும் தொடங்கியது. ஃபுல்பிரைட் திட்டத்தின்கீழ் அமெரிக்கப் பட்டதாரிகள் மலேசியப் பள்ளிகளில் ஓராண்டு ஆங்கிலம் கற்பிக்க உதவினார்கள். திரெங்கானுவில் தொடங்கிய இந்த ஏற்பாடு 2012 வாக்கில் பகாங்குக்கும் வந்தது.

இவற்றில் பெரும்பாலானவை பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. தமிழ்ப்பள்ளியோ ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் இடம். அந்த வயதுக்கு ஏற்ற முன்மாதிரியும் உலகில் உண்டு. டோரிஸ் ஆலன் என்ற அமெரிக்க உளவியலாளர், அமைதியைக் கற்பிக்கப் பெரியவர்களாகும்வரை காத்திருக்கக்கூடாது என்று வாதிட்டார். பதினொரு வயதுப் பிள்ளைகளைப் பல நாடுகளிலிருந்து கூட்டிவந்து சில வாரங்கள் ஒன்றாக வாழவைக்கும் கோடைமுகாமை 1951இல் சின்சினாட்டியில் நடத்தினார். மொழி முழுதாகக் கற்றிருக்கவேண்டாம், விளையாட்டும் சமையலும் பாட்டும் போதும் என்பது அவர் கண்ட வழி. இன்று சிஐஎஸ்வி என்ற பெயரில் அது பல நாடுகளில் நடக்கிறது.

பக்கத்தில் இருப்பது போதுமா?

1954இல் இரண்டு முக்கியமான காரியங்கள் நடந்தன. ஹார்வர்ட் பேராசிரியர் கோர்டன் ஆல்போர்ட் முன்முடிவுகளின் இயல்பைப் பற்றித் தன் நூலை வெளியிட்டார். இரண்டு குழுக்கள் சந்திப்பதால் மட்டும் வெறுப்பு குறையாது. நான்கு நிலைமைகள் சேர்ந்தால் குறையும் என்றார். இரு தரப்புக்கும் சம நிலை, பொதுவான இலக்கு, போட்டியாக இல்லாமல் கூட்டாகச் செய்யும் வேலை, மேலே இருக்கும் நிர்வாகத்தின் ஆதரவு. இந்த நான்கில் எத்தனை நம் மலையின் பழைய விடுதிப்பள்ளிகளுக்கும் தோட்டப்பள்ளிகளுக்கும் இடையே இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லை.

அதே ஆண்டுக் கோடையில் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் ஓக்லஹோமா மாநிலத்தின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துத் தங்கவைத்தார். போட்டிகள் வைத்ததும் அணிகளுக்கு இடையே பகை மூண்டது. பிறகு இரு அணிகளையும் ஒன்றாகச் சாப்பிடவும் படம் பார்க்கவும் விட்டார். சாப்பாட்டையே ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். கடைசியில் முகாமின் குடிநீர் வரத்து நின்றதுபோலவும், உணவு கொண்டுவரும் லாரி கிளம்பாததுபோலவும் நிலைமைகளை உண்டாக்கினார். கயிறு கட்டி லாரியை இழுக்க இரண்டு அணிகளின் கைகளும் தேவைப்பட்டன. இப்படிச் சில நாள் போனபின் பகை தணிந்தது. சிறுவர்களுக்குத் தெரியாமல் நடத்திய இந்தச் சோதனையை இன்று பலர் குறைசொல்கிறார்கள், குறை நியாயமானது. ஆனால் அது காட்டிய பாடம் நிற்கிறது. கூடி உண்பதைவிடக் கூடி உழைப்பது நெருக்கம் தருகிறது.

2006இல் சமூக உளவியலாளர்கள் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பான்மையானவை, தொடர்பு கூடக்கூட முன்முடிவு குறைகிறது என்றே காட்டின. ஆல்போர்ட் சொன்ன நிலைமைகள் இல்லாத இடங்களிலும் ஓரளவு பலன் இருந்தது; அவை இருந்த இடங்களில் பலன் கூடியது. ஆகவே சாதாரணச் சந்திப்பைத் தூக்கி எறியவேண்டியதில்லை. நல்ல ஏற்பாட்டோடு நடந்தால் அதே சந்திப்பு பலமடங்கு பயன் தரும்.

காலத்தின் அளவும் முக்கியம். 1955இல் நார்வே அறிஞர் ஸ்வேரே லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று திரும்பிய நார்வேக்காரர்களிடம் கேட்டு, புதிய நாட்டில் மனநிலை ஒரு வளைகோடுபோல் போகிறது என்றார். வந்த புதிதில் உற்சாகம், சில மாதங்களில் சோர்வு, பிறகு தெளிவு. எல்லாருக்கும் அப்படியே அமையாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் திருத்தினார்கள். ஆனாலும் பிள்ளையை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களுக்கு இதில் ஒன்று புரியும். பத்து நாள் வருகிறவர் உற்சாகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். சோர்வு நாட்களில் உடன் இருந்து, அந்தப் பிள்ளையின் அழுகையைப் பார்த்து, ரசம் வைத்துக் கொடுத்த வீட்டுக்குத்தான் தெளிவின் நாட்களும் கிடைக்கின்றன.

புகுமுக வகுப்பு கற்பிக்கும் பாடம்

மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு வேற்றுப் பண்பாட்டில் நுழைவது புதிதல்ல. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அடுத்த ஆண்டுச் சட்டமும் வகுத்த பாதையில், தொடக்கக் கல்வி மலாய், சீனம், தமிழ் என்று மூன்று வகைப் பள்ளிகளில் நடக்கிறது. இடைநிலைக் கல்வி மலாய்மொழியில் ஒன்றாகிறது. ஆறு ஆண்டு தமிழில் படித்த பிள்ளை திடீரென்று மலாய்ப் பாடநூலும் சீனத் தோழர்களும் உள்ள வகுப்பில் உட்கார்கிறது. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்களுக்குப் பல்லாண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு புகுமுக வகுப்பு. ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் அந்தப் பிள்ளைகளின் மனத்தில் நடப்பதற்கும், ஜெர்மனியிலிருந்து வந்து கோலாலம்பூர் வகுப்பறையில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பரிமாற்ற மாணவியின் மனத்தில் நடப்பதற்கும் வேறுபாடு குறைவு. இருவரும் ஒருவரையொருவர் உடனே புரிந்துகொள்வார்கள்.

இந்தப் பிரிவின் தீமையை அரசும் அறிந்திருந்தது. 1980களில் மூன்று வகைப் பள்ளிப் பிள்ளைகளும் கூடி விளையாடவும் பணிசெய்யவும் ரிமுப் என்ற மாணவர் ஒருங்கிணைப்புத் திட்டம் வந்தது. 1990களில் மூன்று பள்ளிகளையும் ஒரே வளாகத்தில் வைக்கும் தூரநோக்குப் பள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளி தன் தனித்தன்மையை இழந்துவிடும் என்ற அச்சம் அப்போது எழுந்தது. அந்த அச்சத்தைச் சிறுமைப்படுத்தக் கூடாது. சிறுபான்மை மொழிப் பள்ளி தன் மொழியில் உறுதியாக நின்றால்தான் பிறரோடு சமமாகப் பேச முடியும். ஆல்போர்ட் சொன்ன சம நிலை என்பது அதுதான். பரிமாற்றம் என்ற பெயரில் தமிழ் வகுப்பை ஆங்கில வகுப்பாக மாற்றிக்கொண்டால், வருகிற பிள்ளைக்குக் கற்க ஒன்றும் மிச்சமிருக்காது.

மலேசியர்கள் தாங்களே வளர்த்தெடுத்த ஒரு வழக்கம் இன்னும் மேலானது. பெருநாளிலும் தீபாவளியிலும் சீனப் புத்தாண்டிலும் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, அழைத்தவர் அழையாதவர் எல்லாரையும் உபசரிக்கும் திறந்த இல்ல விருந்து. பிற நாடுகள் பார்த்துக் கற்கவேண்டிய பண்பு அது. ஆனால் அது ஒரு நாள் விருந்து. மறுநாள் காலையில் அந்த வீட்டின் அடுக்களையில் என்ன நடக்கிறது என்று வந்தவருக்குத் தெரியாது.

உபசாரமே சுவராகும்போது

இங்கேதான் நம் வழக்கத்தை நாமே கொஞ்சம் ஆராயவேண்டும். விருந்தோம்பலுக்குத் திருக்குறள் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. வந்தவரை முதலில் உண்ணவைத்துப் பிறகு உண்பது நம் வீடுகளின் பெருமை. அயல்நாட்டு மாணவர்கள் தமிழ்ப்பள்ளிக்கு வருகிறார்கள் என்றால் என்ன நடக்கும்? வாசலில் கோலம், கையில் மாலை, மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை, பரதம், வாழையிலைச் சாப்பாடு, படம். மூன்று மணிநேரத்தில் வண்டி கிளம்பிவிடும். வந்த பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்; நம் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் பார்க்க வந்தவர், ஒருவர் காட்டப்பட்டவர். அன்பு குறையில்லாமல் இருந்தது, சமநிலை இல்லை.

விருந்தாளிக்கு நாம் வேலை கொடுக்கமாட்டோம், குறை சொல்லமாட்டோம், வீட்டின் சண்டையைக் காட்டமாட்டோம். வீட்டுப்பிள்ளைக்கு இந்த மூன்றும் கிடைக்கும். அவற்றின் வழியாகத்தான் பண்பாடு ஒருவர் உடம்பில் இறங்குகிறது. விடியற்காலைக் குளிரில் குளியலறைக்கு வரிசையில் நிற்பது, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் முட்டைக்கோசுக் கூடையைத் தூக்கிப் பிடிப்பது, வீட்டுத் தம்பியோடு தொலைக்காட்சிக்குச் சண்டைபோடுவது, அம்மாவிடம் திட்டு வாங்குவது. ஆறு மாதம் இப்படி வாழ்ந்த பிள்ளை தன் நாட்டுக்குத் திரும்பி மலேசியத் தமிழரைப் பற்றிப் பேசும்போது ஒரு வீட்டைப் பற்றிப் பேசும். படம் எடுத்துக்கொண்டு போன பிள்ளையோ உடையைப் பற்றியும் நடனத்தைப் பற்றியும் பேசும்.

வீட்டுப்பிள்ளையாக ஏற்பது என்றால் வீட்டின் ஒழுங்கை மறைக்காமல் சொல்லவும் வேண்டும். மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் சமைப்பதில்லை, செருப்பு வாசலோடு நின்றுவிடும், இந்த நேரத்துக்குள் வீடு திரும்பவேண்டும், கோயிலுக்கு வருவதும் வராததும் உன் விருப்பம் என்று முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசவேண்டும். அந்தப் பிள்ளையின் வீட்டு வழக்கத்தையும் கேட்கவேண்டும். பெரியவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது அதன் நாட்டில் மரியாதையாக இருக்கலாம்; நம் வீட்டுப் பாட்டிக்கு அது திமிராகத் தெரியலாம். இரண்டு பேரும் காரணத்தைச் சொல்லிக்கொள்ளும் அந்த நிமிடத்தில் பரிமாற்றம் நடக்கிறது.

'எங்கள் வீடு சிறியது, லயத்து வீடு, என்ன இருக்கிறது இங்கே பார்க்க' என்று தோட்டத்துக் குடும்பங்கள் தயங்கும். இந்தத் தயக்கத்தில் பழைய துரைமார் காலத்தின் நிழல் இருக்கிறது. பரிமாற்றத்தின் விதிகள் கேட்பது ஒரு படுக்கை, பாதுகாப்பு, மூன்று வேளைச் சாப்பாடு, மனம். இவை கோலா தெர்லாவில் உண்டு.

தேயிலை பேசும் மூன்று நாடுகள்

ஜப்பானும் ஜெர்மனியும் வரட்டும். அதற்கு முன்னோ அதோடு சேர்ந்தோ நாம் தொடங்கக்கூடிய ஒரு பரிமாற்றம் இருக்கிறது. அதற்கு மொழித்தடையே இல்லை. கேமரன் மலையிலும், இலங்கையின் அட்டன், நுவரெலியா மலைகளிலும், தமிழ்நாட்டின் நீலகிரி, வால்பாறையிலும் தேயிலைச் செடியோடு வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். கங்காணி, லயம், கொழுந்து என்ற சொற்கள் மூன்று நாட்டுக்கும் பொது. வரலாறோ மூன்று திசையில் போனது.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துராவில் தேயிலையை வணிகப்பயிராக்கிய பின் மலையேறிய தமிழர்களின் வாரிசுகள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. இன்றைய டேன்டீ என்ற அரசு நிறுவனம் அதன் தொடர்ச்சி. மலாயாவில் 1957க்குப் பின் குடியுரிமை பெற்றவர்களும், பெறாமல் 1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சிக்கலில் மாட்டியவர்களும் உண்டு. ஒரே ஊரிலிருந்து கப்பலேறிய அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகள் இன்று மூன்று நாட்டுக் கடவுச்சீட்டோடு இருக்கலாம்.

அட்டனிலிருந்து ஒரு பிள்ளை கோலா தெர்லாவுக்கு வந்தால், தமிழில்தான் பேசும். ஆனாலும் இங்குள்ள பிள்ளை 'பசியாறியாச்சா' என்று கேட்கும்போது அது ஒரு கணம் விழிக்கும். நாசி லெமாக் புதிது. தமிழ்ப்பள்ளியில் மலாய்ப் பாடம் புதிது. அங்கே சிங்களம் அண்டைவீட்டு மொழி, இங்கே மலாய். தமிழர் என்றால் ஒரே வார்ப்பு என்ற எண்ணம் இரண்டு பிள்ளைகளிடமும் உடையும். வேற்றுமையைப் புரிந்துகொள்ளும் பயிற்சியை நம் சொந்தங்களிடமிருந்தே தொடங்குவது நல்ல தொடக்கம்.

இன்னொரு உண்மையையும் சொல்லவேண்டும். இன்று கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, மியன்மார் நாட்டுத் தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். கூடையை முதுகில் சுமந்து கையால் கொழுந்து கிள்ளும் பெண்ணின் படம் அஞ்சலட்டைகளில் இருக்கிறது. சரிவுகளில் இன்று கத்தரியும் இயந்திரமும் ஓடுகின்றன. நம் தாத்தா நின்ற இடத்தில் இன்னொரு நாட்டு இளைஞன் நிற்கிறான். டோக்கியோவிலிருந்து வரும் மாணவிக்கு மாலை போட்டுவிட்டு, எதிர்வீட்டு வங்காளதேசத் தொழிலாளியின் பெயரைக்கூடக் கேட்காத பிள்ளைக்குப் பண்பாட்டுப் புரிதல் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. காட்டோரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் செமாய் ஒராங் அஸ்லி பழங்குடிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அயல்நாட்டு மாணவரை ஏற்கும் பள்ளி, அருகில் இருப்பவரையும் ஏற்கப் பழகவேண்டும்.

ஒரு சிறிய பள்ளி செய்யக்கூடியவை

மலைப்பகுதித் தமிழ்ப்பள்ளிகள் சிறியவை. பெரிய நிதியும் பெரிய மண்டபமும் அங்கே இல்லை. அந்தச் சிறுமையே இதற்கு உதவும். பெரிய பள்ளியில் வருகிற பிள்ளை கூட்டத்தில் தொலைந்துபோகும். சிறிய பள்ளியில் ஒரே வாரத்தில் எல்லார் பெயரும் தெரிந்துவிடும்.

முதலில் கடிதம். வால்பாறையிலோ அட்டனிலோ ஒரு பள்ளியைத் தேர்ந்து, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மாதம் ஒரு கடிதம் எழுதட்டும். காணொளிச் சந்திப்பு இடையிடையே வரட்டும். தங்கள் ஆற்றின் நீர், மழை அளவு, தேயிலைச் சரிவின் மண் அரிப்பு ஆகியவற்றை இரு பள்ளிகளும் அளந்து ஒப்பிட்டால், அது ஷெரீஃபின் லாரிக் கயிற்றைப்போல் பொதுவேலை ஆகிவிடும். மலைச்சரிவைக் கண்மூடித்தனமாக வெட்டியதன் விலையை 2014 நவம்பரில் வந்த வெள்ளமும் சேறும் கேமரன் மலைக்குக் காட்டியிருக்கின்றன. இந்த வேலை விளையாட்டுக்குச் செய்வது ஆகாது.

அடுத்து, பயணிகளாக வரும் அயல்நாட்டுப் பள்ளிக் குழுக்கள். அவர்களுக்கு நிகழ்ச்சி நடத்திக் காட்டுவதைக் கைவிட்டு, ஒரு முழு நாளை வகுப்பில் கழிக்கக் கேட்கலாம். காலைச் சபைகூடலில் வரிசையில் நிற்கட்டும், கணிதப் பாடத்தில் தமிழில் எண்ணட்டும், பள்ளிக் காய்கறிப் பாத்தியில் நம் பிள்ளைகளோடு களை பிடுங்கட்டும், சிற்றுண்டிச்சாலையில் தட்டைத் தாங்களே கழுவட்டும்.

மூன்றாவது, இடைநிலைப்பள்ளி வயதுப் பிள்ளையை மாதக்கணக்கில் ஏற்பது. இதற்கு முறையான அமைப்பின் துணை கட்டாயம். குடும்பத்தை நேரில் வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், பிள்ளைக்குப் பாதுகாப்பான தொடர்பாளர் ஒருவர் இருப்பதும், தொந்தரவு என்றால் உடனே வீடு மாற்றுவதும் அந்த அமைப்பின் பொறுப்பு. நல்ல மனம் உள்ளது என்பதற்காக இந்தக் காவலைத் தளர்த்தக்கூடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதில் முன்னே வரவேண்டும். நம் பிள்ளைகளும் போகவேண்டும்; வருவது மட்டும் பரிமாற்றம் ஆகாது.

பரிமாற்றத்துக்குப் போய்வந்த, வீட்டில் ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்பதையும் பள்ளி பதிவுசெய்யட்டும். பத்து ஆண்டு கழித்து அந்தக் குறிப்பேடு இந்தக் கட்டுரையைவிட நல்ல ஆய்வாக இருக்கும்.

இந்த மலை எழுபது ஆண்டு அயல்நாட்டுப் பிள்ளைகளுக்குக் குளிரும் காற்றும் கொடுத்தது. ஒரு தோழனைக் கொடுக்க அமைப்பு இடம் தரவில்லை. இப்போது அமைப்பு நம் கையில் இருக்கிறது. கோலா தெர்லாவிலும் மலையின் மற்ற ஊர்களிலும் வாழும் பெற்றோரே, ஆசிரியரே, உங்கள் வாசலுக்கு ஓர் அயல்நாட்டுப் பிள்ளை வந்தால் முதல் வேளை வாழையிலை போடுங்கள். அது நம் பண்பு. இரண்டாம் வேளையிலிருந்து, உங்கள் பிள்ளையிடம் சொல்வதுபோலவே, சாப்பிட்ட தட்டைக் கழுவிவைக்கச் சொல்லுங்கள்.